மூழ்கிய கப்பலின் பொன் வலையில் ஏறினால் யாருக்குச் சொந்தம்?

கேரள எல்லையை ஒட்டிய குமரி மாவட்ட மீனவ ஊரான நீரோடிப் பக்கமிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். 2025 மே மாதம் கேரளக் கடலில் மூழ்கிய கப்பலின் கண்டெய்னர்கள் கரையொதுங்கியபோது யாரும் தொடக்கூடாது என்றார்கள். அது நேற்றைய கப்பல், உடையவன் இருக்கிறான், சரி. ஆனால் முந்நூறு வருஷத்துக்கு முன்னால் தாழ்ந்துபோன டச்சுக் கப்பலிலோ போர்த்துகீசியக் கப்பலிலோ இருந்த பொன் எங்கள் வலையில் ஏறினால் யாருக்கு? செத்தவனுக்கு ஏது சொத்து, எடுத்தவனுக்குத்தானே? அப்புறம் இன்னொன்று: நாங்கள் தமிழ்நாடு, தொழில் செய்வது பாதி நாள் கேரளக் கடலில். எந்த அரசு வந்து கேட்கும்?

எனக்கும் ஊர் அந்தப் பக்கம்தான், கொல்லங்கோடு. எர்ணாகுளத்தில் கப்பல் வழக்குகளோடு காலம் தள்ளுகிறவன். அதனால் முதலில் வக்கீல் பதில்: எடுத்தவருக்குச் சட்டம் தருவது கூலி மட்டும். சொந்தம் வேறொருவருக்கு. அந்த வேறொருவர் யார் என்பதில்தான் உலகமெல்லாம் வழக்கு நடக்கிறது. நம் கடலில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. எடுத்தவரின் கூலி எவ்வளவு என்று நம் சட்டம் எங்கேயும் கணக்குப் போட்டு வைக்கவில்லை. எனக்குக் கோபம் அதில்தான்.

கண்டெய்னர் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். எம்எஸ்சி எல்சா 3 விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் போகும் வழியில் மே 24 அன்று சாய்ந்தது, மறுநாள் மூழ்கியது. 640 கண்டெய்னர்கள். கொல்லம், ஆலப்புழை, திருவனந்தபுரம் கரைகளில் பெட்டிகள் ஒதுங்கின. பிளாஸ்டிக் குருணை நம் குமரிக் கரை வரைக்கும் வந்தது. அப்போது சுங்க அதிகாரிகள் ஏன் கரையில் நின்றார்கள் என்று பலருக்கும் புரியவில்லை. 1962-ஆம் ஆண்டு சுங்கச் சட்டப்படி, கப்பல் சிதைந்தோ கடலில் வீசப்பட்டோ மிதந்து வருகிற சரக்கும் இறக்குமதிச் சரக்குதான். அலை கொண்டுவந்து போட்டாலும் தீர்வை உண்டு. 1958-ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டம் அடுத்த பகுதியைச் சொல்கிறது: கண்டெடுத்தவர் இதற்கென்று மத்திய அரசு நியமித்த அதிகாரியிடம் ஒப்படைக்க வேண்டும், உடையவர் ஓராண்டுக்குள் வந்து உரிமையை நிரூபித்து, மீட்புக் கூலியையும் செலவையும் கட்டிவிட்டு எடுத்துப் போகலாம். (இந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2025-இல் நாடாளுமன்றம் புதுச் சட்டம் நிறைவேற்றியிருக்கிறது.) இங்கிலாந்திலும் இதே கதைதான். 2007 ஜனவரியில் பிரான்ஸ்கோம் கடற்கரையில் எம்எஸ்சி நேப்போலி கப்பலின் பெட்டிகள் ஒதுங்கியபோது, ஜனங்கள் புத்தம்புது பிஎம்டபிள்யூ மோட்டார் சைக்கிள்களை உருட்டிக்கொண்டு போனார்கள். எடுத்ததைப் பதிவு செய்தாக வேண்டும் என்று அங்கேயும் அதிகாரிகள் பின்னாலேயே வந்தார்கள்.

இனி "செத்தவனுக்கு ஏது சொத்து" என்பதற்கு வருவோம். கடல் சட்டத்தின் பழைய கொள்கை ஒன்று உண்டு: கப்பல் மூழ்கினாலும் உடைமை மூழ்காது. உடையவன் செத்தால் வாரிசு. வாரிசுக்கு முன்னால் காப்பீடு கொடுத்தவன். சரக்குக்கு இழப்பீடு கொடுத்த நிமிஷமே, கடலடியில் கிடக்கும் சரக்கு காப்பீட்டாளருக்குச் சேர்ந்துவிடுகிறது. 1857-இல் அமெரிக்கக் கரைக்கு அப்பால் புயலில் மூழ்கிய சென்ட்ரல் அமெரிக்கா என்ற கப்பலின் தங்கத்தை 1988-இல் கண்டுபிடித்தார்கள். உடனே நூற்று முப்பது வருஷத்துக்கு முன் பணம் கொடுத்த காப்பீட்டு நிறுவனங்கள், அவற்றை விழுங்கிய நிறுவனங்கள் எல்லாம் நீதிமன்றத்தில் வந்து நின்றன. நீதிமன்றம் உரிமையை ஒத்துக்கொண்டது. ஆனால் மீட்டவர்கள் பட்ட பாட்டைப் பார்த்துத் தங்கத்தில் மிகப் பெரிய பங்கை அவர்களுக்கே கூலியாகக் கொடுத்தது.

டச்சுக் கப்பல் என்றால் செத்தவன் சாகவில்லை. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி திவாலாகி 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மூடப்பட்டபோது, அதன் சொத்தையும் கடனையும் டச்சு அரசு ஏற்றுக்கொண்டது. அதனால் கம்பெனிக் கப்பல் எந்தக் கடலில் கிடந்தாலும் தனக்குப் பாத்தியம் உண்டு என்று நெதர்லாந்து இன்றைக்கும் சொல்கிறது. மேற்கு ஆஸ்திரேலியக் கரையோரம் மூழ்கிக் கிடந்த டச்சுக் கப்பல்கள் விஷயத்தில் 1972-இல் ஆஸ்திரேலியாவோடு ஒப்பந்தம் போட்டு உரிமையை அந்த நாட்டுக்கு விட்டுக்கொடுத்தது. விட்டுக்கொடுக்கிறார்கள் என்றாலே கையில் இருப்பதாக நினைக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்.

அரசாங்கக் கப்பலாக இருந்தால் வழக்கு இன்னும் கடினம். ஸ்பெயின் நாட்டின் மெர்சிடெஸ் என்ற போர்க்கப்பலை 1804-இல் போர்த்துகல் கரைக்கு அப்பால் பிரிட்டிஷ் கப்பல்கள் சுட்டு மூழ்கடித்தன. 2007-இல் ஒடிஸி என்ற அமெரிக்க நிறுவனம் அதிலிருந்து ஏறக்குறைய ஆறு லட்சம் நாணயங்களை, 17 டன் எடையை, மேலே கொண்டுவந்து விமானத்தில் ஃபுளோரிடாவுக்கு ஏற்றியது. ஸ்பெயின் அமெரிக்க நீதிமன்றத்துக்கே போய், "இது என் நாட்டுப் போர்க்கப்பல், எந்த வெளிநாட்டு நீதிமன்றமும் இதைத் தொட முடியாது" என்றது. வென்றது. 2012-இல் இரண்டு ராணுவ விமானங்களில் அத்தனை நாணயமும் ஸ்பெயினுக்குத் திரும்பிப் போயிற்று. மீட்ட நிறுவனத்துக்குக் காலணா கிடைக்கவில்லை. பெரு நாடும் ஒரு மனு போட்டது: வெள்ளி எங்கள் மண்ணில் தோண்டியது, நாணயம் லிமாவில் அடித்தது என்று. அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பெருவின் அந்த மனு எனக்கு முக்கியமாகப் படுகிறது. காரணம், நம்மூர் வெள்ளிக்கும் இதேதான் நடந்திருக்கிறது. நமக்குத்தான் அது தெரியாது.

இரண்டாம் உலகப் போரின்போது இந்தியத் துறைமுகங்களிலிருந்து வெள்ளி ஏற்றிக்கொண்டு போன மூன்று கப்பல்களைச் சொல்கிறேன். முதலாவது கெய்ர்சோப்பா. கன்னட நாட்டு கெர்சொப்பா அருவியின் பெயர்தான் அது. 1940 டிசம்பரில் கல்கத்தாவிலிருந்து வெள்ளியும் தேயிலையும் ஏற்றிப் புறப்பட்டது; 1941 பிப்ரவரி 17 அன்று அயர்லாந்துக்கு அப்பால் ஜெர்மன் நீர்மூழ்கி அடித்து மூழ்கடித்தது. மாலுமிகளில் பெரும்பாலோர் நம் நாட்டுக் கலாசிகள். உயிரோடு கரை சேர்ந்தது ஒரே ஒரு ஆங்கில அதிகாரி. வெள்ளிக்குப் போர்க்காலக் காப்பீட்டில் பிரிட்டிஷ் அரசு பணம் கொடுத்திருந்ததால் வெள்ளி அரசுக்குச் சொந்தமாயிற்று. 2012, 2013 இரண்டு வருஷங்களில் மேலே சொன்ன அதே ஒடிஸி நிறுவனம் சுமார் 4,700 மீட்டர் ஆழத்திலிருந்து ஏறக்குறைய 110 டன் வெள்ளிக் கட்டிகளை எடுத்தது. பிரிட்டிஷ் அரசோடு முன்கூட்டியே எழுதிப் போட்ட ஒப்பந்தப்படி 80 விழுக்காடு மீட்டவர்களுக்கு, 20 விழுக்காடு அரசுக்கு. மெர்சிடெஸில் பட்ட அடியில் வந்த புத்தியா இல்லையா தெரியாது, ஆனால் முதலில் காகிதம், பிறகு கயிறு என்பதுதான் இந்தத் தொழிலின் பாலபாடம்.

இரண்டாவது சிட்டி ஆஃப் கெய்ரோ. பம்பாயிலிருந்து புறப்பட்டது, 1942 நவம்பர் 6 அன்று தென் அட்லாண்டிக்கில் மூழ்கியது. அதில் போனது கட்டி வெள்ளி கிடையாது, அச்சடித்த ரூபாய் நாணயம். சுமார் 100 டன். நம் பாட்டன்மார் இடுப்பில் முடிந்து வைத்திருந்த மாதிரியான வெள்ளி ரூபாய். 5,150 மீட்டர் ஆழத்திலிருந்து அதில் பெரும் பகுதியை எடுத்து, இங்கிலாந்துக்குக் கொண்டுபோய், உருக்கி விற்றுவிட்டார்கள். 2015-இல்தான் செய்தியே வெளியில் வந்தது. சட்டப்படி பிழை எதுவும் இல்லை: வெள்ளி பிரிட்டிஷ் கருவூலத்துக்குச் சொந்தம். அந்த ரூபாய் யாருடைய வரியிலிருந்தும் வியர்வையிலிருந்தும் சேர்ந்தது என்று கேட்க எந்தச் சட்டத்திலும் ஒரு பிரிவு இல்லை. நாமும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் தோற்றிருப்போம் என்பது என் அபிப்பிராயம். ஆனால் உருக்கும் முன் இரண்டு பெட்டி நாணயமாவது நம் அருங்காட்சியகத்துக்கு வாங்கியிருக்கலாம்.

மூன்றாவது திலாவா. பம்பாயிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குப் பயணிகளோடு போன கப்பல். 1942 நவம்பர் 23 அன்று ஜப்பானிய நீர்மூழ்கி ஐ-29 தாக்கியதில் 280 பேர் செத்தார்கள். பிழைப்புக்காகக் கடல் கடந்த இந்தியர்கள் நிறையப் பேர். அடியில் 2,364 வெள்ளிக் கட்டிகள், தென்னாப்பிரிக்க அரசு வாங்கியவை. 2017-இல் ஒரு தனியார் நிறுவனம் அதைச் சொல்லாமல் எடுத்துப் போய் சவுத்தாம்ப்டன் துறைமுகத்தில் இறக்கி, மீட்புக் கூலி கேட்டு வழக்குப் போட்டது. 2024 மே மாதம் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் தென்னாப்பிரிக்காவுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது: அரசின் சொத்து, அரசு சம்மதிக்காமல் அதன்மேல் வழக்கே நடத்த முடியாது. வெள்ளியைப் பற்றி இவ்வளவு வாதம் நடந்ததே, அந்த 280 பேரின் சமாதியும் அந்தக் கப்பல்தான் என்பதை யார் நினைத்தார்கள் என்று எனக்கு இன்றுவரை ஒரு குறை.

உலகத்தில் இப்போது நடக்கும் மிகப் பெரிய சண்டை கொலம்பியாவின் சான் ஹோசே. 1708-இல் பிரிட்டிஷாரோடு நடந்த சண்டையில் கார்தஹேனா அருகே மூழ்கிய ஸ்பானியக் கப்பல். ஏறக்குறைய 600 பேர் ஏறியிருந்ததில் பிழைத்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பொன்னும் வெள்ளியும் மரகதமும் பல நூறு கோடி டாலர் பெறும் என்கிறார்கள். 2015-இல் கண்டுபிடித்துவிட்டதாகக் கொலம்பியா அறிவித்தது; என் கடல், என் பாரம்பரியம் என்கிறது. என் போர்க்கப்பல் என்கிறது ஸ்பெயின். இடத்தை 1980-களிலேயே சொன்னது நாங்கள், பாதி எங்களுக்கு என்று ஓர் அமெரிக்க நிறுவனம் ஆயிரம் கோடி டாலர் கேட்டு நடுவர் மன்றத்துக்குப் போயிற்று. நான்காவதாக பொலிவியாவின் கரா கரா பழங்குடியினர்: பொத்தோசி மலையில் எங்கள் முன்னோரை அடித்து வேலை வாங்கி எடுத்த வெள்ளி அது என்கிறார்கள். நால்வரில் காகிதம் இல்லாதவர்கள் இவர்கள் மட்டும். நியாயம் அதிகம் உள்ளவர்களும் இவர்களே என்று நினைக்கிறேன். நீதிமன்றத்துக்கு என் நினைப்பு தேவையில்லை, அது வேறு.

நம் கரையிலும் இந்தக் கேள்வி பழையதுதான். 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த மார்க்கோ போலோ, இன்றைய கண்ணூர்ப் பக்கத்து ஏழிமலையைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார்: வேறு துறைமுகத்துக்குப் போக வேண்டிய கப்பல் இங்கே வந்து நங்கூரம் போட்டால், "நீ வேறெங்கோ போக இருந்தவன், கடவுள்தான் உன்னை எங்களிடம் அனுப்பினான்" என்று சொல்லிச் சரக்கு முழுவதையும் எடுத்துக்கொள்வார்களாம். எடுத்தவனுக்கே சொந்தம் என்ற சட்டத்தின் ராஜ வடிவம் அது. கோழிக்கோட்டில் மட்டும் அப்படிப் பறிப்பதில்லை என்று 1440-களில் வந்த பாரசீகத் தூதர் அப்துர் ரசாக் வியந்து எழுதினார். வியாபாரிகள் ஏன் கோழிக்கோட்டைத் தேடிப் போனார்கள் என்பதற்கு இதற்கு மேல் காரணம் வேண்டாம்.

இன்னும் அழகானது ஆந்திரக் கரையில் இருக்கிறது. மோட்டுப்பள்ளியில் காகதீய மன்னன் கணபதிதேவன் 1244-இல் வெட்டிய கல்வெட்டு. ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போகும்போது புயலடித்துக் கரையில் மோதிய கப்பல்களின் பொன், யானை, குதிரை எல்லாவற்றையும் முன்னிருந்த அரசர்கள் பலவந்தமாக எடுத்துக்கொண்டார்கள். நாங்கள் உரிய சுங்கத்தைத் தவிர வேறெதையும் எடுப்பதில்லை, எல்லாவற்றையும் வியாபாரிகளுக்கே விட்டோம் என்று கல்லில் எழுதிக் கையெழுத்துப் போட்ட மாதிரி வாக்குக் கொடுத்திருக்கிறான். கப்பல் உடைந்தாலும் உடைமை உடையவனுக்கு, அரசுக்குச் சுங்கம் மட்டும். மேலே சொன்ன 1958, 1962 சட்டங்களின் சாரம் ஏறக்குறைய இதுதான்.

சரி, இன்றைக்கு நம் கடலில் முந்நூறு வருஷப் பொன் கிடைத்தால்? அரசமைப்புச் சட்டத்தின் 297-ஆவது பிரிவைப் பார்க்க வேண்டும். கரையிலிருந்து 12 கடல் மைல் எல்லைக்கடல், அதற்கு அப்பால் கண்டத்திட்டு, 200 மைல் வரை தனிப் பொருளாதார மண்டலம்: இவற்றுக்குள் கடலுக்கு அடியில் இருக்கும் நிலம், கனிமம், மதிப்புள்ள பிற பொருள்கள் எல்லாம் ஒன்றிய அரசுக்கு. ஆகவே தமிழ்நாடா கேரளாவா என்ற கேள்விக்குப் பதில் மிகச் சுலபம்: இரண்டும் இல்லை, டெல்லி. இரண்டு மாநில எல்லைக்கோட்டை நீட்டிப் பார்த்து யாரும் சண்டை போட வேண்டியதில்லை. எந்தக் கரையில் இறக்கினீர்களோ அந்தக் கரையின் காவல் நிலையத்துக்கும் கலெக்டருக்கும் தகவல் போக வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம். (கடலடி மண்ணில் புதைந்திருப்பது அடியில் இருக்கும் பொருள், மண்ணுக்கு மேலே சும்மா கிடப்பதும் அதில் வருமா என்று ஒரு வக்கீல் எழுந்து வாதாடலாம். நான் வாதாடுவேன்.) தூத்தூர்ப் படகுகள் போகிற மாதிரி 200 மைலும் தாண்டிப் போனால், அது எந்த நாட்டுக் கடலும் இல்லை, அங்கே கிடைக்கும் தொல்பொருள் மனிதகுலம் முழுவதன் நன்மைக்காகப் பாதுகாக்கப்பட வேண்டும் என்கிறது 1982-ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்டம்.

இங்கேதான் தரைக்கும் கடலுக்கும் நடுவில் உள்ள அநியாயத்தைப் பார்க்க வேண்டும். மண்ணுக்குள் கிடைக்கும் புதையலுக்கு 1878-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள எதுவும் கிடைத்தால் கலெக்டருக்குச் சொல்ல வேண்டும். உடையவன் யாரும் இல்லை என்று முடிவானால், வேறு ஏற்பாடு இல்லாதபோது, கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. அரசுக்கே வேண்டுமென்றால் பொருளின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். மறைத்தால் பங்கும் போய்ச் சிறையும் உண்டு. கேரளத்துக்கு 1968-இலிருந்து தனிச் சட்டம். 2024 ஜூலையில் கண்ணூர் மாவட்டம் செங்களாயியில் ரப்பர் தோட்டத்தில் மழைக்குழி வெட்டிய நூறு நாள் வேலைப் பெண்களுக்குப் பாத்திரம் நிறையப் பழைய பொன்னும் வெள்ளி நாணயமும் கிடைத்தது. முதலில் வெடிகுண்டு என்று பயந்தார்களாம். கண்ணூர் ஆயிற்றே, பயப்படத்தான் செய்வார்கள். பிறகு போலீசில் ஒப்படைத்தார்கள். அவர்கள் கேட்பதற்கு ஒரு சட்டம் இருக்கிறது.

பலரும் இதோடு பத்மநாபசுவாமி கோயில் நிலவறையைச் சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். 2011-இல் திறந்தபோது வந்த செல்வம் புதையல் இல்லை. உடையவர் யாரென்று தெரியும்: சுவாமி. நம் சட்டத்தில் தெய்வம் சொத்து வைத்துக்கொள்ளலாம். 2020-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, நிர்வாகத்தில் திருவிதாங்கூர்க் குடும்பத்துக்கு உள்ள உரிமையைப் பற்றி.

கடலுக்கு வந்தால் 1878 சட்டத்தின் சொல்லே வேறு. அது பேசுவது மண்ணில் மறைந்துள்ளதைப் பற்றி. வணிகக் கப்பல் சட்டத்தில் மீட்டவருக்கு நியாயமான கூலி உண்டு என்று இருக்கிறது. கால், அரை, முக்கால் என்று எதுவும் இல்லை. பொருள் நூறு வயது தாண்டியதாக இருந்தால் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டமும் வந்து நிற்கும்: உரிமம் இல்லாமல் அந்த வியாபாரம் செய்யக்கூடாது, வெளிநாட்டுக்கு அனுப்பவே கூடாது. ஆக, மார்த்தாண்டத்தில் கிணறு வெட்டுகிறவர் எழுதி வைத்த பங்கோடு கலெக்டர் ஆபீசுக்குப் போகலாம். நீரோடியில் வலை இழுக்கிறவர் உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுத்தான் தன் கூலி எவ்வளவு என்றே தெரிந்துகொள்ள முடியும். வழியிருக்கிறது, 2017-ஆம் ஆண்டுக் கடல்சார் வழக்குச் சட்டத்தில் மீட்புக் கூலிக்கு வழக்குத் தொடுக்கலாம். ஆனால் ஒரு நாள் கடலுக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாத வீட்டில் யார் வழக்குப் போடுவார்?

அதனால் என்ன ஆகிறது? ஆக்கர் கடைக்கு, அதாவது பழைய சாமான் எடைக்கு வாங்கும் கடைக்குப் போகிறது. பித்தளையென்றால் கிலோ என்ன விலை, ஈயமென்றால் உருக்கி வலைக்குக் குண்டு. பாரில் (கடலடிப் பாறைத் திட்டில்) வலை மாட்டி இழுக்கும்போது பழைய சாமான் வருவது நம்மூரில் புதிய செய்தியே இல்லை. என்னிடம் படகு வழக்குக்காக வந்த ஒரு பெரியவர் வீட்டுத் திண்ணையில் ஒரு பீரங்கிக் குண்டு பார்த்தேன். வலையில் வந்தபோது சிப்பியும் சுண்ணாம்பும் ஒட்டி உருண்டையாக, கனமாக இருந்ததாம். காயக் காய உள்ளே ஊறியிருந்த உப்பு வேலையைக் காட்டியிருக்கிறது. நான் பார்த்தபோது மேல்தோல் அப்பளம் போல அடுக்கடுக்காக உரிந்து, தொட்டால் சிவப்புப் பொடி. "கப்பலுல உள்ளதாக்கும் மக்களே, ஆபீசர்மாருட்ட சொன்னா நம்மள அலைய வைப்பாவ" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பொன் அப்படி ஆகாது, எத்தனை நூற்றாண்டு கிடந்தாலும் பளபளக்கும். வெள்ளி கறுத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். 1961-இல் இலங்கையின் தென்கிழக்கே கிரேட் பாஸஸ் பாரில் கிடைத்த மொகலாய வெள்ளி ரூபாய்கள், ஔரங்கசீப் காலத்தில் சூரத்தில் அடித்தவை, சாக்கு மக்கிப்போன பிறகும் சாக்கின் வடிவம் கலையாமல் கட்டிக் கட்டியாக இருந்தன. அந்தக் கட்டியை உடைத்து நாணயம் நாணயமாக விற்றால் கிடைப்பது காசு. உடைக்காமல் பார்த்தால் ஒரு சாக்குக்கு எத்தனை, எப்படிக் கட்டினார்கள், எங்கே கொண்டுபோனார்கள் என்ற கணக்கு முழுவதும் அதில் இருக்கிறது. பூம்புகாருக்கு அப்பால் சுமார் 19 மீட்டர் ஆழத்தில் கோவாவின் தேசியக் கடலாய்வு நிறுவனம் ஆராய்ந்த கப்பலில் ஈயக் கட்டிகள் இருந்தன. வெறும் ஈயம், ஆக்கர் கடையில் என்ன கிடைக்கும்? ஆனால் அதில் டபிள்யூ பிளாக்கெட் என்ற பெயரும் 1791, 1792 என்ற ஆண்டும் பொறித்திருந்ததால்தான் கப்பல் எந்தக் காலத்தது, சரக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடிந்தது.

ஓமன் இதில் நல்ல வழி காட்டியது. வாஸ்கோ ட காமாவின் இரண்டாம் பயணத்தில் கொச்சியையும் கண்ணூரையும் காக்க விட்டுப்போன விசென்தெ சொத்ரே, காவலை விட்டுவிட்டுக் கப்பல் கொள்ளையடிக்கப் போய், 1503-இல் ஓமன் தீவருகே புயலில் மாண்டான். அவன் கப்பல் என்று கருதப்படும் சிதைவை 1998-இல் கண்டு, 2013-இலிருந்து ஓமன் அரசே முன்னின்று முறைப்படி அகழ்ந்தது. மணி, அரிய வெள்ளி நாணயம், சூரியனின் உயரத்தை அளந்து கப்பல் இருக்கும் இடத்தைக் கணிக்கும் கருவி எல்லாம் ஓமனிலேயே இருக்கின்றன, ஏலம் கிடையாது. நூறு வருஷத்துக்கு மேல் நீரில் கிடந்ததை வியாபாரப் பொருளாக்கக் கூடாது என்று சொல்லும் 2001-ஆம் ஆண்டு யுனெஸ்கோ ஒப்பந்தம் 2009-இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா இன்னும் அதில் சேரவில்லை. நம் தொல்லியல் துறையில் 2001-இலிருந்து கடலடிப் பிரிவு ஒன்று இருக்கிறது, ஆனால் ஏழாயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீளும் கரைக்கு ஒரு சிறு பிரிவு எந்த மூலைக்கு?

என் அபிப்பிராயம் கேட்டால்: பழங்கப்பலின் பொருள் யாருக்கும் விற்பனைச் சரக்காகக் கூடாது, அரசிடமே இருக்கட்டும், அருங்காட்சியகத்தில் இருக்கட்டும். ஆனால் தகவல் சொன்னவருக்கு, 1878 சட்டம் கிணறு வெட்டுகிறவருக்குக் கொடுப்பது போல, மதிப்பும் அதற்கு மேல் ஐந்தில் ஒன்றும் கலெக்டர் கையால் உடனே கிடைக்க வேண்டும். இதற்கு அரசமைப்பைத் திருத்த வேண்டாம், ஒரு சாதாரணச் சட்டமோ விதியோ போதும். அதைச் செய்யாமல், கடலடிச் செல்வம் நாட்டின் சொத்து என்று கூட்டம் போட்டுப் பேசுவதில் பிரயோஜனம் இல்லை; நாட்டின் சொத்து கிலோ கணக்கில் உருகிக்கொண்டுதான் இருக்கும்.

இனி நடைமுறை. வலையில் ஏதாவது வந்தால் அந்த நிமிஷமே ஜிபிஎஸ்ஸில் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பொருளைவிட இடம்தான் விலை அதிகம். ஒட்டியிருக்கும் சிப்பியைத் தட்டிச் சுத்தம் செய்ய வேண்டாம், காயவும் விட வேண்டாம், கடல்நீரிலேயே போட்டு வையுங்கள். குண்டு மாதிரி இருந்தால் படகில் ஏற்றவே வேண்டாம், கடலோரக் காவலுக்குப் போன் போடுங்கள். கரைக்கு வந்ததும் படகில் இருந்த எல்லோர் பெயரும் போட்டு எழுத்தில் புகார்போல ஒரு தகவல் கொடுத்து ரசீது வாங்குங்கள். ஒரு பிரதி கலெக்டருக்குப் பதிவுத் தபாலில். படகுக்காரர் பெயர் மட்டும் போட்டால், பின்னால் கூலி என்று ஏதாவது வரும்போது தொழிலாளிகள் கையைப் பிசைய வேண்டிவரும். மீட்புக் கூலி படகுக்கும் உண்டு, அதை ஓட்டியவருக்கும் உண்டு, வலை இழுத்தவர்களுக்கும் உண்டு. மீன் பங்கு பிரிக்கிற கணக்கே இதற்கும் என்று நீங்கள் முன்கூட்டியே பேசி எழுதி வைத்துக்கொண்டால் எந்த நீதிமன்றமும் அதை மதிக்கும்.